எலுமிச்சங்காய் அளவு புளி

பிலிப்பைன்ஸ் உணவைப் பற்றிப் பேச வருபவர்கள் தாண்டிப்போக முடியாத கட்டுரை ஒன்று உண்டு. டொரீன் ஃபெர்னாண்டஸ் எழுபதுகளில் எழுதிய 'ஏன் சினிகாங்?'. எடில்பெர்த்தோ அலெக்ரேயுடன் சேர்ந்து அவர் 1988இல் கொண்டுவந்த 'சராப்' தொகுப்பில் அது இருக்கிறது. சராப் என்றால் தகாலோக் மொழியில் ருசி. ஃபெர்னாண்டஸ் மணிலாவின் அத்தேனியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், நாடக வரலாற்றாசிரியர். சமையல் குறிப்பு எழுதுபவர் அல்ல. தட்டில் இருப்பதை ஒரு பிரதியைப் போல வாசித்தவர்.

சினிகாங் என்ன பெரிய பண்டமா? ஒன்றுமில்லை. வெங்காயமும் தக்காளியும் போட்டுக் கொதிக்கும் புளித்தண்ணீரில் மீனோ இறாலோ பன்றிக்கறியோ வேகும். முள்ளங்கி, காராமணி, வெண்டை, கத்தரி என்று கைக்குக் கிடைத்த காய் சேரும். கொஞ்சம் கெட்டியாக வேண்டுமென்றால் சேப்பங்கிழங்கு. இறக்குவதற்கு முன் வள்ளைக்கீரை, முழுசாக ஒரு பச்சை மிளகாய். சோற்றோடு சாப்பிடுவார்கள். கடலூர்க்காரர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். "நம்ம மீன்கொழம்புதான், மொளகாத்தூள் போட மறந்துட்டாங்க போல" என்பார்.

வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் பிலிப்பைன்ஸ் என்றதும் அடோபோவைத்தான் முன்னால் வைக்கின்றன. விருந்து என்றால் லெச்சோன், முழுப்பன்றி. ஃபெர்னாண்டஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, தம் மக்களின் நாக்கை அடையாளம் காட்டுவது இந்தப் புளித்தண்ணீர்தான் என்கிறார். ஏன் என்று கேட்டு, பதிலை நிலத்திலிருந்து எடுக்கிறார். வெக்கையான நாடு, புளிப்பு உடம்பைக் குளிர்விக்கும். சோறு சப்பென்று இருக்கும், அதற்கு ஈடாகக் கூர்மையான ஒரு நீர் வேண்டும். புளியங்காய், பிலிம்பி, மாங்காய், கொய்யா, புளிப்பான இலைகள் என்று சுற்றிலும் புளிப்பு காய்த்துக் கிடக்கிறது. பணக்கார வீட்டில் பெரிய இறால் விழும், ஏழை வீட்டில் சந்தையில் கூறு கட்டி விற்கும் பொடிமீன் விழும். எது விழுந்தாலும் அது சினிகாங்தான்.

இந்தக் கட்டுரையை நான் சிதம்பரத்துக்காரனாக வாசித்தேன். அதில் எனக்குப் பெரிய மரியாதையும் ஒரு பெரிய சண்டையும் இருக்கின்றன.

ஏன் என்று கேட்பது

மரியாதை முதலில். தமிழில் உணவு பற்றிய எழுத்து இன்று மலிந்து கிடக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ச்சாப்பாட்டை நினைத்து எழுதுவது தனி வகையாகவே ஆகிவிட்டது. அதற்கு ஒரு வார்ப்பும் உண்டு. பனி பெய்யும் ஊர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திடீரென்று மூக்கில் ஏறும் ரச வாசனை, அம்மா, கண்ணீர். 'அம்மா கைமணம்' என்ற சொல்லோடு கட்டுரை முடிந்துவிடும். எந்த ரசம், எந்தப் புளி, அம்மா அதை ஏன் அப்படிச் செய்தார், வேறு மாதிரிச் செய்தால் என்ன கெடும்? இந்தக் கேள்விகள் வராது. கைமணம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

கை மணக்காது. கை கற்றுக்கொண்டிருக்கிறது. அரிசி களைந்த முதல் தண்ணீரை மாட்டுக்குக் கழுநீர்ப் பானையில் ஊற்றிவிட்டு, இரண்டாவது தண்ணீரில் புளி ஊறவைப்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து குழம்புக்கு மெல்லிய உடம்பு கொடுக்கும். செட்டிநாட்டு மண்டி முழுக்க இந்த நீரை நம்பித்தான் நிற்கிறது. பிலிப்பைன்ஸிலும் சினிகாங்குக்கு இதே தண்ணீரைத்தான் எடுத்துவைக்கிறார்கள். இரண்டு கரைகளில், ஒருவரையொருவர் கேட்காமல், பெண்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இதை வாசனை என்று எழுதுவதா, அறிவு என்று எழுதுவதா?

தமிழில் இப்படிக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' உப்பையும் எண்ணெயையும் தேங்காயையும் உரலையும் உலக்கையையும் வரலாற்று ஆவணமாக வாசித்தது. நாஞ்சில் நாடன் எழுதினால் ஒரு பொரியலுக்குள்ளே ஒரு நாடே இருக்கும். ஆனால் அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் ருசியை எடுத்துக்கொண்டார்கள், விசாரணையை விட்டுவிட்டார்கள்.

இரண்டு புளிப்புகள்

கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சிதம்பரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த புளிப்பு கொத்சு. நடராசர் கோயிலின் சம்பா சாதத்தோடு சேர்த்துப் பேசப்படும் கத்தரிக்காய்க் கொத்சு. கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசிக்கணும், மல்லி, மிளகாய், பருப்பு வறுத்து அரைக்கணும், நல்லெண்ணெய் தாராளமாக விடணும், புளி நின்று கொதித்து எண்ணெய் மேலே வரணும். அதற்குப் பொறுமை வேண்டும், ஓர் அடுப்பு முழுதாக நம் வசம் இருக்க வேண்டும். இன்று கல்யாணப் பந்தியிலும் ஓட்டலிலும் ஊர்ப்பெயரோடு வலம்வருகிறது.

அங்கிருந்து கிழக்கே போனால் கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, வடக்கே சாமியார்பேட்டை, கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம். இந்தக் கரையின் புளிப்பு வேறு. நெத்திலி கிடைத்தால் மாங்காய் போட்டுக் குழம்பு. மாங்காய் இல்லாத மாதத்தில் புளி கொஞ்சம் தூக்கல். மீன் இல்லாத நாளில் கருவாடும் கத்தரிக்காயும். எது விழுந்தாலும் அது குழம்புதான். ஃபெர்னாண்டஸ் சினிகாங் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் இந்தக் குழம்புக்கும் பொருந்தும்.

ஆனால் இரண்டு புளிப்புகளும் எழுத்துக்குள் ஒரே மாதிரி வரவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. பல குடும்பங்களில் கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் வைத்து அனுப்பும் புத்தகம் அது. வெளிநாட்டுக்குப் போன எத்தனையோ பேருக்கு முதல் ரசம் அதிலிருந்துதான் வந்தது. அளவு, நேரம், வரிசை எல்லாம் கறாராகச் சொல்லும் அந்தப் புத்தகத்தின் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது ஒரு சமூகத்தின் சைவச் சமையலறை. முதுநகர் மீன் இறங்குதுறையில் ஏலம் எடுத்து, அலுமினியச் சட்டியில் சுமந்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு, விற்காத மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கும் பெண்ணின் கணக்கு அதில் வர வழியில்லை. 'தமிழர் சமையல்' என்று வெளியூரில் அறிமுகமாவது புத்தகத்தில் ஏறிய சமையல்தான். புத்தகத்தில் ஏறாத சமையல் ஊரிலேயே தங்கிவிட்டதா என்றால், இல்லை. அதுதான் அதிகம் பயணம் செய்தது. தொலைபேசியில் போனது.

"அம்மா, புளி எவ்ளோம்மா போடணும்?"

"ஒரு எலுமிச்சங்கா அளவுடா."

"இங்க எலுமிச்சங்கா முட்டை மாதிரி இருக்கும்மா."

"அப்ப நம்ம ஊரு எலுமிச்சங்காய நெனச்சுக்கோ."

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பிய வீடுகளில் இந்த உரையாடல் ஏதோ ஒரு வடிவத்தில் நடந்திருக்கும். ஒரு புளிப்பை அளக்க இன்னொரு புளிப்பின் உருவத்தைச் சொல்லுகிற அளவை இது. கேட்பவன் அந்தப் பழத்தைப் பார்த்திருக்க வேண்டும், சொல்பவளுக்கு அவன் பார்த்திருப்பான் என்பது தெரிந்திருக்க வேண்டும். எழுதப்படாத சமையல் இலக்கியம் என்று ஒன்று இருந்தால் அது இந்தத் தொலைபேசி அழைப்புகளிலும், இப்போது வாட்ஸ்அப் குரல்பதிவுகளிலும் இருக்கிறது.

பழைய கடல்வழி

பிலிப்பைன்ஸும் எங்கள் கரையும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை. சோழமண்டலக் கரையின் துணி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மணிலாவுக்குப் போனது. போர்த்தோ நோவோ என்று ஐரோப்பியர் அழைத்த பரங்கிப்பேட்டைக்கும் அந்த வணிகத்தில் பங்கு உண்டு. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்டது சென்னையிலிருந்துதான். அந்தப் படையோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் குடும்பமாகித் தங்கிவிட்டார்கள். நிலக்கடலை அரைத்துச் செய்யும் கரே-கரே என்ற குழம்புக்கும் நம் 'கறி'க்கும் உறவு சொல்லும் கதை அங்கே இன்றும் உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, கடலைக்கு எங்கள் மாவட்டத்தில் என்ன பெயர் என்று பாருங்கள். மணிலாக்கொட்டை. பேச்சில் மல்லாக்கொட்டை, மல்லாட்டை. விருத்தாசலம் பக்கத்தில் மணிலா என்று மட்டும் சொன்னாலே போதும், ஒரு தலைநகரத்தை யாரும் நினைக்கமாட்டார்கள், வயலைத்தான் நினைப்பார்கள்.

இதைச் சொல்வது சினிகாங்குக்கு நாம்தான் மூலம் என்று கொடி நட அல்ல. அந்த நோய் நமக்கு ஏற்கெனவே அதிகம். பண்டங்கள் ஊர்விட்டு ஊர் போவது புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். மிளகாயும் தக்காளியும் இரண்டு நாடுகளுக்குமே கடல் கடந்து வந்தவை. புளியை எடுத்துக்கொண்டால், அரபுக்காரர் அதற்கு வைத்த பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. ஆங்கிலப் பெயர் அதிலிருந்து பிறந்தது. துபாய் மளிகைக் கடையில் நம் புளி அந்தப் பெயரோடு அடுக்கில் உட்கார்ந்திருக்கும்.

நிலம் இல்லாத இடம்

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஃபெர்னாண்டஸின் வாதம் முழுக்க நிலத்தின் மேல் நிற்கிறது. இந்த வெயில், இந்த மரம், இந்த ஆற்றுமீன், ஆகவே இந்த ருசி. அவர் இதை எழுதிய அதே பத்தாண்டில் அந்த நிலத்திலிருந்து மனிதர்கள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். 1974இல் மார்க்கோஸ் அரசின் தொழிலாளர் சட்டம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசின் வேலையாகவே ஆக்கியது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டடம் எழும்பிய காலம். அதே விமானங்களில் நம் ஆட்களும் ஏறினார்கள். லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீடுகளின் வாசலைப் பார்த்தாலே எத்தனை வருடத்து வளைகுடாப் பணம் என்று சொல்லிவிடலாம்.

நிலம்தான் ருசி என்றால், நிலத்தை விட்டுப் போனவர்கள் கொதிக்கவைப்பது என்ன? பாக்கெட் பொடியில் செய்த சினிகாங் சினிகாங் இல்லையா? ஃபெர்னாண்டஸின் கட்டுரையை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர் எழுத்தின் பெரிய மௌனம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் எழுத்தில் 'அம்மா' இருக்கும் இடத்தில் அவருடைய எழுத்தில் 'மண்' இருக்கிறது. இரண்டுமே அழகான சொற்கள். இரண்டுமே அடுப்பில் நிற்கும் ஆளை மறைத்துவிடுகின்றன.

துபாயில் நான் இருந்த நான்கு வருடமும் 'பெட் ஸ்பேஸ்' வாழ்க்கைதான். அறையில் ஒரு கட்டில் அளவு இடம்தான் வாடகைக்கு. மொத்த வீட்டுக்கும் ஒரு சமையலறை, முறைவைத்துச் சமைக்கணும். எங்களுக்கு ஏழரையிலிருந்து எட்டு. எட்டிலிருந்து எட்டரை அடுத்த அறையின் பிலிப்பைன்ஸ் பெண்கள். பகலெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் யாரோ ஒருவர் நாக்குக்குச் சமைத்துவிட்டு வருபவர்களும் அவர்களில் இருந்தார்கள். அரைமணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? வெங்காயம், தக்காளி, பாக்கெட் பொடி, மீன்துண்டு, கீரை. இருபது நிமிடத்தில் சினிகாங். கோழி இருந்தால் இஞ்சியும் முருங்கைக்கீரையும் போட்டுத் தினோலா. முருங்கையை அவர்கள் மலுங்காய் என்றார்கள், நாங்கள் சிரித்தோம், அவர்களும் சிரித்தார்கள். "குழம்பு மிச்சம் இருக்கு, எடுத்துக்குங்க அக்கா" என்று சைகையில் சொல்லுமளவுக்குப் பழக்கமானது.

அங்கே நான் பார்த்தது இதைத்தான். எளிய சாறு எளிமையாக இருப்பதற்குக் காரணம் நாக்கின் ரசனை மட்டுமில்லை. நேரம் இல்லாதவர், சொந்த அடுப்பு இல்லாதவர், சந்தையைத் தேர்ந்தெடுக்க முடியாதவர் செய்யக்கூடிய வடிவம் அது. கொத்சு அந்தச் சமையலறைக்குள் வரமுடியாது. மீன்குழம்பு தன் வறுத்த தூளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடும். சினிகாங் தூள்கூட இல்லாமல் வந்துவிடும். புளிப்புக்கு இதில் நிஜமான வேலை இருக்கிறது. மீன்வாடைக்குக் காரணமான சேர்மங்களை அமிலம் கட்டிப்போடும், ஆகவே பனிக்கட்டியில் பல நாள் கிடந்த மீனும் தின்னும்படி ஆகும். எலுமிச்சைச் சாறு கொதித்தால் மணம் போய்விடும். புளியின் அமிலம் கொதிக்குத் தாங்கும். மறுநாள் சட்டியில் குழம்பு இன்னும் கூடிவரும், இரட்டை ஷிப்ட் பார்ப்பவனுக்கு ஒருநாள் சமையல் மிச்சம். இவ்வளவும் தெரிந்த ஒருவர் செய்வதை 'சிம்பிளான சூப்' என்று சொல்லிவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது.

நிலம் போனபின்னும் சினிகாங் மிஞ்சுகிறது என்றால், மிஞ்சியது ஒரு முறைமை. பெயரிலேயே அது இருக்கிறது. சினிகாங் என்ற சொல்லுக்குக் கொதிக்கவைத்துச் சமைத்தது என்றுதான் பொருள், புளியின் பெயர் அதில் கிடையாது. ஆகவே புளி, கொய்யா, பாக்கெட் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஃபெர்னாண்டஸே 'எது கிடைத்தாலும்' என்று எழுதியவர். அந்த 'எது'வுக்குள் துபாய் பல்பொருள் அங்காடியின் உறைந்த மீனும் அடங்கும் என்பதைத்தான் அவர் எழுதவில்லை.

தாளிப்பு யாருடையது

ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாகணும். நம் குழம்பும் ரசமும் தாளிப்பில் முடியும் அல்லது தாளிப்பில் தொடங்கும். கடுகு வெடித்து, பெருங்காயம் மணந்தால்தான் அது ஆச்சு. கடைசி வார்த்தை சமைப்பவருடையது. சாப்பிடுபவர் உப்பு கேட்கலாம், அதுகூடக் கொஞ்சம் குறை சொல்வது போலத்தான். சினிகாங் அப்படியில்லை. மேசையில் ஒரு கிண்ணத்தில் மீன்சாறும் மிளகாயும் கலமான்சியும் இருக்கும். சாவ்சாவன் என்பார்கள். அவரவர் நாக்குக்கு அவரவர் முடித்துக்கொள்ள வேண்டும். சமைத்தவரும் உண்பவரும் சேர்ந்து செய்யும் சமையல் இது என்று ஃபெர்னாண்டஸ் வேறோர் இடத்தில் காட்டுகிறார். அவருடைய மிகக் கூர்மையான அவதானிப்பு இதுவே.

வெளிநாட்டில் இந்த வேறுபாடு வெறும் அழகியல் இல்லை. தாளிப்பு சுவரைத் தாண்டிப் போகும். 2011இல் சிங்கப்பூரில் ஓர் இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாசனை பிடிக்காமல் சீனாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டார் புகார் செய்ய, அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று சமரசம் ஆன பழைய செய்தி வெளியே வந்தது. ஊரே கொதித்தது. அந்த ஆகஸ்ட் 21 ஞாயிறன்று இனபேதமில்லாமல் பலர் தத்தம் வீட்டில் கறி சமைத்துப் பகிர்ந்து தங்கள் பதிலைச் சொன்னார்கள். நல்ல பதில்தான். ஆனால் குடியுரிமையும் சொந்த வீடும் இருப்பவர்களால் சொல்ல முடிந்த பதில் அது. கட்டில் இடத்தை வாடகைக்கு எடுத்தவன் கடுகைக் குறைத்துக்கொள்வான், பெருங்காயத்தை நிறுத்திவிடுவான். மெல்ல மெல்ல அவனுடைய ரசம் சினிகாங்கை நோக்கி நகரும். அதை ருசி மாற்றம் என்று எழுதுவோம். அதில் பாதி பக்கத்து அறையின் மூக்குக்குப் பயந்த பயம்.

மேசையில் யாருக்கு எந்தத் துண்டு

ஒரு சாறு சமூகத்தை எப்படிக் காட்டும் என்பதற்கு பிலிப்பைன்ஸ் இலக்கியம் சீக்கிரமே ஒரு பாடம் வைத்துவிட்டது. ஹோசே ரிசாலின் 'நோலி மே தாங்ஹெரே' நாவல் 1887இல் வந்தது. அதன் தொடக்க விருந்தில் தினோலா பரிமாறுகிறார்கள். அதிகாரம் மிக்க பாதிரியார் தமாசோவின் தட்டில் கோழியின் கழுத்தும் காய்ந்த இறக்கையும் விழுகின்றன. நல்ல துண்டுகள் விருந்தின் நாயகனான இளைஞன் இபார்ராவுக்குப் போகின்றன. பாதிரியாரின் முகம் கறுக்கிறது. பின்னால் வரப்போகும் பகைக்கு முன்னோட்டம் போல ஒரு சூப் கிண்ணம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், கடவுளையே சென்னைக்கு வரவழைத்தபோது கந்தசாமிப் பிள்ளை அவரைக் கூட்டிக்கொண்டு போனது காப்பி ஓட்டலுக்கு. நம் நவீன இலக்கியம் காப்பியை நன்றாக எழுதியிருக்கிறது, பசியை இன்னும் நன்றாக எழுதியிருக்கிறது. நடுவில் இருக்கும் குழம்புச்சட்டியை, மீனின் தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு, கடைசியில் சாப்பிடும் பெண்ணுக்கு அடிச்சட்டிக் குழம்பு மட்டும் என்பதை, அந்தக் கண்ணோடு பார்த்தது குறைவு. ஊரில் இருந்தவரை அந்தத் துண்டுக் கணக்கு ஆண்களின் கண்ணில் படவில்லை. வெளிநாட்டில் தானே சமைத்து, ஆறு பேருக்குப் பங்கிட்டு, தனக்கு வால்துண்டு மிஞ்சும்போதுதான் படுகிறது. வெளிநாட்டுச் சமையல் பற்றி எழுத இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கட்டுரைகள் அந்த இடத்துக்கு வந்ததும் 'அம்மா' என்று நெகிழ்ந்து நின்றுவிடுகின்றன. அம்மாவுக்கு எந்தத் துண்டு கிடைத்தது என்று கேட்பதில்லை.

ஃபெர்னாண்டஸ் 2002இல் இறந்துவிட்டார். நிலத்தைத் தாண்டி அவர் வாதம் போகவில்லை என்று குறை சொன்னாலும், ஒரு கிண்ணம் புளித்தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்கும் துணிச்சலை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். நமக்கு அப்படி ஒரு கட்டுரை வேண்டும். நெத்திலிக்கு மாங்காய் ஏன், சங்கராவுக்குப் புளி ஏன்? இரண்டாம் கழுநீர் ஏன்? 2004 சுனாமிக்கும் 2011 டிசம்பரின் தானே புயலுக்கும் பிறகு இந்தக் கரையில் சட்டிக்குள் விழும் மீனும் காயும் எப்படி மாறின? முதுநகரிலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன பெண் இரவு பதினொரு மணிக்குத் தனக்கென்று வைக்கும் சாற்றில் என்ன போடுகிறாள், எதை விட்டுவிடுகிறாள்? கேட்டு எழுத இப்போதே ஆள் வேண்டும். எலுமிச்சங்காய் அளவு என்று சொல்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். புளி பாக்கெட்டின் முதுகில் கிராம் கணக்கு அச்சாகிவிட்டது.